வெளுத்தும் போகாத அத்தியாயம்

செவல்பேட்டையில் வெள்ளைத் துணிக்கெல்லாம் எழுத்துப் பிடித்தது மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை. முதலில் பார்த்தது தலைமையாசிரியர் வீட்டம்மா. புருஷனின் சட்டையை உதறும்போது முதுகுப்பக்கம், கழுத்துப்பட்டிக்கு ஒரு சாண் கீழே, அச்சடித்த எழுத்தில், சுத்தமாக, "விடியுமுன்னே நாங்கள் நாற்பது கிலோ வெங்காயம் உரித்திருந்தோம்" என்று ஒரு வரி இருந்தது. அந்த அம்மாள் சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டாள், சட்டைதான் நைந்ததே தவிர வெங்காயம் போகவில்லை. சரி, நேரமாச்சு, என்று அதையே போட்டுக்கொண்டு சார் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

பத்து மணிக்குள் முடிதிருத்துகிறவர் ஆட்களுக்குப் போர்த்துகிற துணியில் ஒரு வரி, டாக்டர் கோட்டில் ஒரு வரி, சர்ச் பீடத்து விரிப்பில் ஒரு வரி, பாங்க் மேனேஜர் கைக்குட்டையில் ஒரு வரி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டைகளில் வரிசையாக இருபத்தாறு வரி, பரோட்டாக்கடைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டில் ஒரு வரி என்று ஊரே எழுத்தாகிவிட்டது. ஒரு துணிக்கு ஒரு வரிதான். ஒரு வரியும் இரண்டு இடத்தில் கிடையாது. எல்லாம் ஒரே கதையின் வரிகள் என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊருக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வேட்டிகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியம் முழுசாக வந்தது.

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பது ஊரில் நாலே பேருக்குத் தெரியும். அந்த நாலு பேரும் எழுத்தாளர்கள்.

அவர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை, ஊர்தான் வைத்தது: சொந்தச் செலவுக் கூட்டம். அந்த நாலு பேர் புத்தகத்தையும் எந்தப் பதிப்பகமும் போட்டதில்லை. அவர்களே டைப் அடித்து, அவர்களே பிழை பார்த்து, அவர்களே அட்டைக்குப் படம் தேடி, அச்சுக்கு அனுப்பி, வந்த புத்தகக் கட்டை அவர்களே தோளில் சுமந்து, கல்யாண வீட்டில் மொய்க்குப் பதில் அதையே கொடுத்து, வாங்கிக்கொண்டவர்கள் முகம் போன போக்கையும் அவர்களே நின்று பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, மாடக்கண்ணுவின் இஸ்திரிக் கடையில், வேப்பமரத்து நிழலில் கூடுவார்கள். மாடக்கண்ணு கவிஞர். நாலு வரிக்கு மேல் எழுதமாட்டார். ஐந்தாவது வரி யோசித்தால் காலர் கருகிவிடும்.

ஆறுமுகநயினார் சார் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். பாண்டிய இளவரசி ஒருத்தியைப் பற்றி மூன்று பாகம் எழுதிவிட்டார். விற்காத பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி அடுக்கி இப்போது கட்டிலுக்குக் கால் தேவையில்லை. ஜெபக்கனிக்கு இருபத்தேழு வயசு, மெடிக்கல் ஷாப்பில் வேலை, மாத்திரை எடுத்துக் கொடுக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் 'மின்மினி' என்ற பெயரில் போனில் காதல் தொடர் எழுதுவாள், வாசகர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அவள் அம்மாவோ மகள் எவனுக்கோ மெசேஜ் அனுப்புகிறாள் என்று தினமும் அழுதுகொண்டிருந்தாள்.

நாலாவது ஆள் பேராச்சி. வயசு நாற்பத்து நாலு. கோமதிநாயகம் அண்ணாச்சியின் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் காய் நறுக்குகிற வேலை. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, அடுப்புப் பற்றவைக்கும் முன்னே ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போவாள், அப்படி ஒன்பது வருஷத்தில் மூன்று நாவல் எழுதி மூன்றையும் சொந்தமாக அச்சடித்திருந்தாள். சென்னையில் ஒரு பதிப்பகத்தார் முதல் நாவலைத் திருப்பி அனுப்பும்போது, கதை நன்றாக இருக்கிறது, கையெழுத்துப் பிரதியில் மட்டும் பூண்டு வாடை வருகிறது, என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அவள் கிழிக்கவில்லை, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

இந்த நாலு பேரும் கூடினால் பேச்சு என்ன, சண்டைதான். "நாப்பது வருஷமா எழுதுதேன், ஒருத்தன் வந்து 'சார், அந்த எடம் எப்படி எழுதுனிய'ன்னு கேட்டிருக்கானா?" என்று நயினார் சார் ஆரம்பிப்பார். "எங்கிட்ட தெனமும் ஆயிரம் பேரு கேக்கான் சார், அடுத்த பாகம் எப்பன்னு மட்டும்" என்பாள் ஜெபக்கனி. "கேக்காட்டா எழுதமாட்டியளோ?" என்று மாடக்கண்ணு பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே குத்துவார். எழுத உட்கார்ந்தால் மட்டும் வீட்டில் ஆயிரம் வேலை முளைக்கிற விதம், நேற்று அழகாக இருந்த வாக்கியம் இன்றைக்கு விடிந்ததும் கேவலமாக இருக்கிற மர்மம், "எழுதுறது சரி, வேலை என்ன பாக்கிய?" என்று கேட்கிற ஜனங்கள், இதையெல்லாம் பேசித் தீர்த்து, ஆளுக்கொரு டீ குடித்து, அவரவர் புதிதாக எழுதியதை வாசிப்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியதில் இது வேண்டாம் என்று வெட்டுகிற பக்கங்களைக் கிழிக்கமாட்டார்கள், எரிக்கமாட்டார்கள். மாடக்கண்ணுவிடம் கொடுத்துவிடுவார்கள், அவர் தேய்த்த துணியை அதில் சுற்றிக் கொடுப்பார். எவனோ ஒருத்தன் சட்டையை எடுக்கும்போது இரண்டு வரி படித்துவிடமாட்டானா என்கிற நப்பாசைதான். அப்படி நயினார் சார் வெட்டிய நீராட்டுப் படலம் ஒரு வருஷம் ஊர்த்துணியெல்லாம் சுற்றி, புத்தகம் வாங்காத ஆட்கள்கூட இளவரசி குளித்து முடித்தாளா என்று கடையில் வந்து விசாரித்தார்கள்.

தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேராச்சி தன் நாலாவது நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்தாள். பதினாலு பக்கம். மாரிக்கிளி என்று ஒருத்தி, பேராச்சியோடு மண்டபத்தில் வேலை பார்த்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னே அண்ணாச்சியின் சொந்த மகள் கல்யாணத்தன்று, கொதிக்கிற ரசத்து அண்டாவோடு பின்கட்டுப் படியில் சறுக்கி விழுந்தாள். அந்தப் படி இரண்டு வருஷமாக உடைந்து கிடந்தது, பெண்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனார்கள், அடுத்த முகூர்த்தம் கழியட்டும் என்று அண்ணாச்சி தள்ளிக்கொண்டே வந்தார். பின்கட்டிலிருந்து வண்டி நிற்கிற வாசலுக்குப் போக மண்டபத்துக்குள் புகுந்துதான் வழி. தாலி கட்டுகிற நேரத்தில் வெந்த உடம்பு குறுக்கே போகக்கூடாது, கத்தலும் கேட்கக்கூடாது என்று அண்ணாச்சி மேளக்காரர்களைப் பார்த்து விரலை ஆட்டினார். கெட்டிமேளம் வழக்கமாக எவ்வளவு நேரம் வாசிப்பார்கள்? அன்றைக்கு நாற்பது நிமிஷம் வாசித்தார்கள். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. மாரிக்கிளி பிழைக்கவில்லை. வீட்டு அடுப்பில் தீப்பிடித்துச் செத்தாள் என்று போலீஸ் காகிதத்தில் எழுதி முடித்தார்கள்.

வாசித்து முடித்ததும் மாடக்கண்ணு தேய்ப்பதையே நிறுத்திவிட்டார். பிறகு நயினார் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணாச்சியப் பாண்டியனாக்கிரு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால நடந்ததுன்னு எழுதிட்டா எவன் கேப்பான்?" என்றார். "ஊர் பேரையாவது மாத்துக்கா" என்றாள் ஜெபக்கனி. "கடைசில முடிவே இல்லையே?" என்று மாடக்கண்ணு மட்டும் கேட்டார். பேராச்சி, வெட்டிவிடுகிறேன், நாவலுக்கு எட்டு அத்தியாயமே போதும், என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டவள் இல்லை. பாவம், பிழைப்புக்குப் பயப்படுகிறாள் என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

பிழைப்புக்கு இல்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு ஒளித்து வைத்துச் சொன்ன கதை என்று பேச்சு வரக்கூடாது. "ஏட்டி, அந்தக் கதவச் சாத்து" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டு மணமேடைக்குப் போனபோது பின்கதவைச் சாத்தியது பேராச்சி. சாத்தி, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேளம் நிற்கிறவரை நின்றாள். அத்தியாயத்துக்கு முடிவு இல்லாமல் போனதன் காரணம் அந்த ஒரு வரி. பதினாலு பக்கம் எழுதிய கைக்கு அந்த வரி மட்டும் வரவில்லை, எழுதாமலும் அவளால் தூங்க முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதினாலு பக்கத்தையும் அடுப்பில் போட்டிருப்பார்கள். மண்டபத்து அடுப்பிலேயே போட்டிருக்கலாம், எவ்வளவு பெரிய அடுப்பு! ஆனால் எழுதுகிறவர்களுக்கு எழுதியதை எரிக்கக் கை வராது, அது ஒரு வியாதி. பேராச்சி அதை வழக்கம்போல மாடக்கண்ணுவிடம் கொடுத்தாள், மாடக்கண்ணுவும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைத் துணிகளை அதில் சுற்றினார். திங்கட்கிழமை தாளெல்லாம் வெறும் வெள்ளையாக இருந்தது, எழுத்து ஊருக்குள் போய்விட்டது. மொத்தம் நானூற்றுப் பதினேழு வரி.

ஊர் இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. சவுக்காரத்துக்குப் போகாததை வைத்து என்ன செய்ய, வாழத்தானே வேண்டும். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் தங்கள் வரிக்கு முந்திய வரி யாரிடம் இருக்கிறது, பிந்திய வரி யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். காம்பவுண்டுச் சுவர் தகராறில் பதினொரு வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வரி வந்து தொலைத்தது, அண்ணன் வேட்டியில் "மாரிக்கிளி அண்டாவைத் தூக்கும்போது" என்று நின்றுவிட, அதற்குமேல் என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர் நாலு நாள் பொறுத்து, ஐந்தாம் நாள் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார். கல்யாணம் பேசுகிறவர்கள் ஜாதகத்தோடு வரியும் கேட்டார்கள். "மாப்பிள வீட்டு வரி நல்ல வரிதானா?" என்பது விசாரணையில் ஒன்றாகிவிட்டது. சர்ச்சில் பாதிரியார் பீடத்து விரிப்பைத் திருப்பிப் போடவில்லை, அதையே வாசித்துப் பிரசங்கம் செய்தார். அந்தக் கல்யாணத்தில் தவில் வாசித்தவருக்கு, "தவில்காரர் கை வலித்து ஒருமுறை நிறுத்தினார், மறுபடி விரல் ஆடியது, மறுபடி வாசித்தார்" என்ற வரி வந்திருந்தது, வீட்டில் எல்லாரும் சொல்லியும் மனுஷன் அந்த வேட்டியை மாற்றவில்லை, குனிந்த தலையோடு அதையே கட்டிக்கொண்டு திரிந்தார்.

அண்ணாச்சிக்கு வந்த வரி ஒன்றுமில்லாத வரி. "பந்திக்கு இலை போட்டாச்சு என்று யாரோ சத்தம் கொடுத்தார்கள்." பேசாமல் போட்டுக்கொண்டு போயிருந்தால் ஒருத்தரும் கவனித்திருக்கமாட்டார்கள். அவர் கோபத்தில் சட்டையை எரித்தார். வரி தலையணை உறைக்கு வந்தது. அதையும் எரித்தார், வரி பிரிட்ஜ் கதவுக்கு வந்தது. பிரிட்ஜைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கியதும், வாசலில் நின்ற வெள்ளைக் காரின் கதவுக்கு வந்து சேர்ந்தது. முப்பது வருஷமாகக் கஞ்சி போட்ட வெள்ளையைத் தவிர வேறு உடுத்தாத மனுஷன் நீலச்சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார், ஊர் அன்றைக்குத்தான் நிஜமாகவே அதிசயப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நயினார் சாருக்கு மூஞ்சியே சரியில்லை. நானூற்றுப் பதினேழு வரியும் எந்த ஆளிடம் எந்த வரி என்று தெருவாரியாக நோட்டில் குறித்து வைத்திருந்தார், போஸ்ட் மாஸ்டர் புத்தி. அந்த நோட்டைப் பெஞ்சில் போட்டுவிட்டு, "மூணு பாகம் எழுதியிருக்கேன், ஒரு கோவணத்துணியிலயாவது ஒரு வரி ஏறுச்சா?" என்றார். பொறாமைதான், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஜெபக்கனி சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கார் வந்து நின்றது.

"என்ன எழுத்தாளர்மாரே, கூட்டம் நடக்கா?" என்று கேட்டுக்கொண்டு அண்ணாச்சி இறங்கினார். மாடக்கண்ணு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அண்ணாச்சி உட்கார்ந்து, கோபமே இல்லாத குரலில் பேசினார், அந்தக் குரல்தான் பேராச்சிக்குப் பயம்.

"பேராச்சி, எம் மண்டபத்து அடுக்களைய எழுத ஒன்னைய விட்டா ஆளு ஏது. நீ எழுதுனத நான் குத்தம் சொல்லலட்டி. ஆனா முடிவு இல்லையே. முடிவு இல்லாம ஒரு கதை சுத்துனா ஆளுக்கு ஒண்ணு பேசுவாம்லா. முடிச்சு வச்சிரு. அவளா அவசரத்துல கால் வழுக்கி விழுந்தா, கதவு காத்துல சாத்திக்கிட்டு. ஒரே ஒரு வரி. நீ எழுதுனா ஊருக்குள்ள ஏறிரும், எனக்குத் தெரியும். பெறவு ஒன் புத்தகத்த நான் போடுதேன். ஆயிரம் பிரதி. நம்ம மண்டபத்துலயே வெளியீடு, மெட்ராஸ்ல இருந்து ஆள் வருவாவ, ஒனக்குப் பொன்னாட, பேப்பர்ல படம். இவ்வளவு காலம் எழுதிக் கிழிச்சியே, ஒரு தடவையாவது மேடையில நிக்காண்டாமா?"

மேடை என்றதும் பேராச்சிக்கு ஒரு நொடி ஆசை வந்தது நிஜம்.

"இல்ல, நெசத்தத்தான் எழுதுவேன்னு நின்னா" என்று அண்ணாச்சி எழுந்தார், "முழு நெசத்தையும் எழுதணும் பாத்துக்கோ. கதவச் சாத்துன கை யாரு கைன்னு ஊரு கேக்கும். நான் மணவடையில நின்னேன், ஐநூறு பேரு பாத்தான். நீ எங்க நின்ன?"

கார் போன பிறகும் புழுதி அடங்க நேரமாயிற்று. ஜெபக்கனிதான் முதலில் வாயைத் திறந்தாள். "யக்கா, நெசமா?"

"நெசம்தான்."

"நான் அந்த அத்தியாயத்தப் படிச்சிட்டு வீட்டுல போயி அழுதேன்க்கா. ஒங்களுக்காகவும் சேத்து அழுதேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பெஞ்சில் நகர்ந்து தள்ளி உட்கார்ந்தாள். ஒரு சாண்தான் நகர்ந்தாள். அந்த ஒரு சாண் பேராச்சிக்கு வலித்தது.

நயினார் சார் நோட்டை மூடி வைத்தார். "நான் எழுதுனதுல ஒரு வரிகூட எனக்குப் பயம் தந்தது இல்ல, பேராச்சி" என்றார். "இப்பத்தான் தோணுது. அதனாலதான் ஒருத்தனும் படிக்கல போல."

பேராச்சிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. முதலில் அண்ணாச்சி மேல், பிறகு ஆறு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு அவர் மண்டபத்தில் காய் நறுக்கிய தன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஒரே ஒரு வரி' என்று சொன்னாரே, அந்தச் சொல்லின் மேல். ஒன்பது வருஷம் விடியக்காலம் எழுந்து, ஒரு வரிக்கு ஒரு வாரம் கிடந்து மல்லாடி, வெட்டி, திரும்ப எழுதி, அதுவும் சரியில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள், இந்த ஆள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வரியை அவளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்!

"பதிப்பகக்காரன் போட்ட புத்தகம்னா அவன் சொல்லுதத மாத்தணும்" என்றாள். "நாம சொந்தச் செலவு. ஊரு கேலிக்குத்தான் வச்சுது, ஆனா சரியாத்தான் வச்சிருக்கு. எனக்கு வர்ற கெட்ட பேரும் என் சொந்தச் செலவுதான். எவனும் எனக்கு வரி எடுத்துக் குடுக்காண்டாம். மாடக்கண்ணு, ஒரு தாளு தாரும்."

மாடக்கண்ணு தேய்க்கிற மேஜையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மேஜை சூடாக இருந்தது. பேராச்சி நின்றபடியே எழுதினாள், ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல்: 'கதவைச் சாத்தச் சொன்னது கோமதிநாயகம், சாத்தி, அவள் கத்தக் கத்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றது பேராச்சி, நான்.' நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை காய்வதற்கு முன்னால் எழுத்து தாளைவிட்டுப் போயிற்று. எந்தத் துணிக்குப் போயிற்று என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை பேராச்சியை மண்டபத்துக்குள் விடவில்லை. அவள் திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பேராச்சி கடைசி வரியை எழுதிவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஊர் இரண்டு நாள் அதைத் தேடியது. தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தார்கள், பனியனைத் திருப்பிப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருந்தவர்களைக் கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள், அண்ணாச்சியும் ஆள் வைத்துத் தேடினார். கிடைத்ததாக ஒருத்தரும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் தங்கக்கிளி பேராச்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாரிக்கிளியின் அக்கா, பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் பூ விற்கிறவள், புருஷன் போனதிலிருந்து வெள்ளைச் சேலைதான். எழுதப் படிக்கத் தெரியாது. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி, மூணு நாளா இந்தச் சேலையில என்னமோ இருக்கு. டீக்கடைக்காரன்ட்ட கேட்டேன், கண்ணாடி கொண்டாரலங்கான். கண்டக்டர்ட்ட கேட்டேன், விசில ஊதிட்டுப் போயிட்டான். வாத்தியாரு பாத்தாரு, பாத்துட்டு செருப்பக்கூட மாட்டாம ஓடுதாரு. நீதானே எழுதுதவ. வாசி."

பேராச்சி வாசித்தாள். தன் பேர் வருகிற இடத்தில் குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே முடித்தாள்.

தங்கக்கிளி முந்தானையைக் கீழே விடவில்லை. "நாப்பது நிமிசமா?"

"ஆமாக்கா."

"என்னையக் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா. யக்கா யக்கான்னுதான் கத்துனா."

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

தங்கக்கிளி ஓங்கி ஒரு அறை வைத்தாள். பேராச்சி கன்னத்தைத் தடவிக்கொள்ளவில்லை. தங்கக்கிளிக்கு மூச்சு இரைத்தது, அழுதாள், மூக்கைச் சிந்தினாள், கையைத் தெருப்புழுதியில் துடைத்தாள், முந்தானை அழுக்காகாமல் பார்த்துக்கொண்டாள். பிறகு, "எந்திரி. மண்டபத்துக்கு நட. அவன் வாசல்ல நின்னு வாசி" என்றாள்.

இரண்டு பேரும் தெருவில் நடப்பதைப் பார்த்துத் தவில்காரர் தன் வேட்டியோடு பின்னால் வந்தார். அண்ணனும் தம்பியும் வந்தார்கள். டாக்டர் நோயாளியை உட்கார வைத்துவிட்டு வந்தார், தலைமையாசிரியர் இருபத்தாறு பிள்ளைகளையும் வரிசையில் கூட்டிக்கொண்டு வந்தார், பாதிரியார் விரிப்பைக் கையில் மடித்துக்கொண்டு வந்தார், வெளியூர் போகப் பஸ் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள். மண்டபத்து வாசலில் நயினார் சார் நோட்டைத் திறந்து, கடிதம் பிரிக்கிற வேகத்தில், "நீ நூத்திப் பன்னெண்டு, நீ அங்கிட்டு, ஓய், நீரு இருநூத்தி நாலு, பின்னால போம்" என்று ஊரையே வரிசைப்படுத்தி நிறுத்தினார். வரிசை மண்டபத்து வாசலில் தொடங்கி, கடைத்தெரு தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நின்றது.

அண்ணாச்சி நீலச்சட்டையோடு வெளியே வந்து போலீசைக் கூப்பிடுவேன் என்றார், கூப்பிடவும் செய்தார். ஏட்டையா வந்தார். வந்தவர் தொப்பியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, "சார், நம்ம வரி எப்ப வரும்?" என்று நயினார் சாரைக் கேட்டு, முன்னூற்று ஆறாவது ஆளாகப் போய் நின்றுகொண்டார்.

வாசித்தார்கள். வெங்காயம் உரித்ததிலிருந்து வாசித்தார்கள். ஆளுக்கு ஒரு வரி, அவரவர் குரலில், திக்குகிறவர் திக்கி, கீச்சுக்குரல் உள்ளவர் கீச்சுக்குரலில், தன் முறை முடிந்தவர் அடுத்தவருக்கு வழிவிட்டு விலகி விலகி, உடைந்த படி வந்தது, அண்டா வந்தது, ஆடிய விரல் வந்தது, தவில்காரர் தன் வரியை வாசித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பந்திக்கு இலை போட்ட வரி வந்தபோது எல்லாரும் கார் கதவைப் பார்த்தார்கள். பிறகு கார் டிரைவர், அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல், வாசித்தார். அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் அந்த வரிசையில் பாதிப்பேர். ஒருத்தரும் தலை நிமிரவில்லை, ஒருத்தரும் வரிசையை விட்டுப் போகவும் இல்லை.

நானூற்றுப் பதினேழும் முடிந்ததும் தங்கக்கிளி முந்தானையை விரித்தாள். ஜெபக்கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, பேராச்சியின் பக்கத்தில், ஒட்டி நின்றாள். பேராச்சி வாசித்தாள். இந்த முறை குரல் உடையவில்லை. 'நான்' என்ற இடத்தில் அண்ணாச்சியை நேராகப் பார்த்தாள். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

அதையே பேராச்சி ஏட்டையாவிடம் எழுதியும் கொடுத்தாள், கையெழுத்துப் போட்டு. ஆறு வருஷத்துக்கு முந்திய காகிதத்தைத் திறக்கவேண்டி வந்தது. அண்ணாச்சியோடு சேர்த்து அவளையும் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள், இழுக்கட்டும் என்று போய் வருகிறாள். நாவல் ஒன்பது அத்தியாயத்தோடு வந்துவிட்டது, சொந்தச் செலவில்தான். நயினார் சார் நாலாம் பாகத்தை ஓரங்கட்டிவிட்டு, தபால் ஆபீசில் தான் திறந்து படித்த ஒரு கடிதத்தைப் பற்றி எழுத ஆரம்பித்து, பயத்தில் இளைத்துப்போனார். ஊர்த்துணிகளில் இருந்த எழுத்தெல்லாம் அடுத்த வெளுப்பில் போய்விட்டது. சிலருக்கு அதில் வருத்தம்கூட உண்டு.

தங்கக்கிளி மட்டும் தன் சேலையைத் தண்ணீரில் நனைக்கவே இல்லை. வேப்பமரத்துக்கும் கரண்டு கம்பத்துக்கும் நடுவில் அதை உயர இழுத்துக் கட்டி, எழுத்து பஸ் ஸ்டாண்டைப் பார்க்கும்படி வைத்து, அந்த நிழலில் பூ விற்கிறாள். யார் வந்து எத்தனை முழம் கேட்டாலும், "பூ அப்புறம் தாரேன். மொதல்ல மேல இருக்கத வாசிங்க" என்கிறாள். அவசரக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். வாசிக்காமல் பூ கிடையாது.

காலையில் முதல் போணி பேராச்சி. மறுநாள் வராமல் இருந்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் வருகிறாள். சேலைக்கு எதிரே நின்று வாசிக்கிறாள். தங்கக்கிளி நாரில் பூவைத் தொடுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "சத்தமா" என்கிறாள். பேராச்சி சத்தமாக வாசிக்கிறாள்.